ஐந்து முறை தலைக்குக் குளித்தேன்

நான்கு வருடங்களாக இதை எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன். நோட்டை எடுத்து இரண்டு வரி எழுதுவேன். இதையெல்லாமா ஒருத்தி ஊருக்குச் சொல்வாள் என்று தோன்றும். கிழித்துவிடுவேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவளுக்கு எழுத்து வராது என்று வீட்டில் சாக்குச் சொன்னேன். அது பொய். பலசரக்குச் சீட்டு முதல் ரேஷன் கடை மனு வரை எங்கள் வீட்டில் நான்தான் எழுதுகிறேன். என்னைத் தடுத்தது வெட்கம். வெட்கத்தைவிடப் பெரிதாக ஒரு பயமும் இருந்தது. என் நோயைப் பற்றி எழுதினால் அம்மன் கோவில் காரியத்தில் நான் மறைத்த ஒன்றையும் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டு எழுதினால் யாருக்கும் பயன்படாது. அம்மன் பெயரைச் சொல்லித் தொடங்குகிறேன், அவள் பார்த்துக்கொள்வாள்.

என் பெயர் ஈஸ்வரி. மதுரையில் கோச்சடையில் வீடு. வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான், மாதம் ஒருமுறை வருவான். மருமகள் சத்யா எங்களோடு இருந்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். எனக்குச் சர்க்கரை உண்டு. உடம்பும் கனம்.

ஐம்பத்தொரு வயதில் எனக்கு மாதவிலக்கு நின்றது. வயதாகிவிட்டதே என்று நான் வருத்தப்படவில்லை. சந்தோஷப்பட்டேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் தெருக் காளியம்மனுக்குப் புரட்டாசியில் முளைப்பாரி எடுப்போம். காப்புக் கட்டியதும் பயறு வகைகளை ஊறவைத்து, எருப்பொடியும் வைக்கோலும் போட்ட மண்சட்டிகளில் தூவி, வெளிச்சம் படாத ஓர் அறையில் வரிசையாக வைப்போம். அதுதான் முளைப்பாரி வீடு. வெயில் காணாத முளைகள் வெளிர் மஞ்சளாக, முழ உயரத்துக்கு நெருங்கி வளர்ந்து நிற்கும். எட்டாம் நாள் தலையில் சுமந்துபோய் வைகையில் கரைப்போம். அந்த அறைக்குள் போய்த் தண்ணீர் தெளிக்க விலக்கு நின்ற பெண்களுக்கு மட்டும்தான் அனுமதி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாசலில் நின்று கும்மி கொட்டியவள் நான். உள்ளே போகும் நாளுக்காக வருடக்கணக்கில் காத்திருந்தேன்.

உள்ளே எங்களுக்குத் தலைமை பாண்டியம்மா அக்கா. கோவில் வாசலில் பூக்கட்டி விற்கிறவர். அறுபத்தைந்து வயது இருக்கும். கோவில் காரியத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. "உள்ள வாரவளுக்கு மனசும் சுத்தமா இருக்கணும், துணியும் சுத்தமா இருக்கணும். மனச ஆத்தா பாத்துக்கிருவா. துணிக்கு நான் பொறுப்பு" என்பார்.

நான் உள்ளே போகத் தொடங்கி ஐந்தாவது வருடம். அப்போது எனக்கு ஐம்பத்தாறு வயது. மூன்றாம் நாள் மாலை குனிந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது அடிவயிற்றில் ஏதோ நழுவியது போல இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் இரத்தம். ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு. ஐந்து வருடம் இல்லாமலிருந்தது வந்திருக்கிறது. அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்னை வெளியே நிறுத்துவார்கள். எதற்கு நிறுத்தினார்கள் என்று தெருவே பேசும். சட்டிகளையெல்லாம் கொட்டிவிட்டு மறுபடி போடச் சொன்னாலும் சொல்வார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. தலைக்குக் குளித்தேன். மறுநாள் பட்டதாகத் தெரியவில்லை. ஈரத் தலையோடு மறுபடியும் அந்த அறைக்குள் போனேன்.

இதைத்தான் மறைத்தேன். எழுதிவிட்டேன்.

ஐப்பசியில் மறுபடி வந்தது. கார்த்திகை, மார்கழி, தை என்று மாதாமாதம் வந்தது. நின்றுபோன விலக்கு திரும்பி வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். பிறகு, அன்றைக்கு மறைத்ததற்கு ஆத்தா தருகிற தண்டனை என்று நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் மூன்று நாள் சாமி அறைப் பக்கம் போகாமல் இருந்தேன். முட்டி வலி, விளக்கேற்றக் குனிய முடியவில்லை என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"முட்டி வலிக்கிறவ சந்தைக்கு மட்டும் எப்படி நடந்து போன?" என்று கேட்டார்.

"சந்தையில குனிய வேணாமே" என்றேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே விளக்கேற்றினார்.

மூன்றாம் நாள் தலைக்குக் குளிப்பேன். மனசு லேசாகிவிடும். முடிந்தது என்று இருப்பேன். இங்கேதான் நான் தவறிப்போனேன். இரத்தம் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒதுங்க வேண்டும், குளிக்க வேண்டும். ஏன் படுகிறது என்று கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்யா அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீகளே?"

"கேளு."

"பீரோல இருந்த என் பேடு பாக்கெட்டுல பாதியைக் காணோம். நான் எடுக்கல. மாமாவும் எடுத்திருக்க மாட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. சத்யா என் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்துவிட்டு, "எம்புட்டு நாளா?" என்றாள்.

"புரட்டாசியில இருந்து."

"ஆத்தி! தை பாதி போயிருச்சு அத்தே! அஞ்சு மாசமா ஒருத்தருகிட்டயும் சொல்லாமயா இருக்கீக? நாளைக்கு லீவு போடுறேன். நீங்க வாரீக."

"மாமாகிட்ட..."

"மாமாகிட்ட முட்டிக்குன்னே சொல்லிக்கிருவோம். அந்தப் பொய்ய இன்னும் ஒரு நாளைக்கு ஓட்டலாம்."

பெண்களுக்கான டாக்டர் அம்மாவிடம் கூட்டிப்போனாள். காத்திருக்கும் இடம் முழுக்கப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள். நரைத்த தலையோடு நான் ஒருத்திதான். பக்கத்தில் இருந்த பெண் சத்யாவைப் பார்த்து, "உங்களுக்கு எத்தனாவது மாசம்?" என்று கேட்டாள். "எங்க அத்தைக்குத்தான் பாக்க வந்திருக்கோம்" என்றாள் சத்யா. அந்தப் பெண் என் வயிற்றைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் வயிறும் அப்போது ஏழு மாதம் போலத்தான் இருக்கும்.

"நின்னு எத்தனை வருஷம் ஆச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

"அஞ்சு வருசம்."

"இப்ப எத்தனை தடவை பட்டிருக்கு?"

தேதி எதுவும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "அஞ்சு தடவ தலைக்குக் குளிச்சேன் டாக்டர்" என்றேன்.

சத்யா தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. ஐந்து தடவை என்று எழுதிக்கொண்டார். பேனாவை மூடிவிட்டு அவர் சொன்னதை எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படியே எழுதுகிறேன். "மாதவிலக்கு முழுசா நின்னு ஒரு வருஷம் ஆனப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் அது மாதவிலக்கு இல்லம்மா. திரும்பி வந்திருக்குன்னு நினைச்சு உட்கார்ந்துரக் கூடாது. நிறையப் பேருக்குச் சாதாரணக் காரணமாத்தான் இருக்கும். ஆனா என்ன காரணம்னு பாத்தே ஆகணும்."

கீழ்வழியாக ஒரு ஸ்கேன் செய்தார்கள். கூச்சமாக இருந்தது, வலி இல்லை. கர்ப்பப்பைக்கு உள்ளே சுவருக்குப் பூசினது போல ஒரு பூச்சு இருக்குமாம். மாதாமாதம் அது வளர்ந்து உதிர்வதுதான் விலக்கு. நின்றுபோனவர்களுக்கு அது காகிதம் போல மெலிந்திருக்க வேண்டும். எனக்குத் தடித்துப்போயிருந்தது. பயாப்சி எடுக்க வேண்டும் என்றார். அந்தப் பூச்சிலிருந்து ஒரு கிள்ளு சதை எடுத்து, லேபில் வைத்துப் பார்ப்பதுதான் பயாப்சி. இழுத்துப் பிடித்தது போல ஒரு வலி. "மீனாட்சி" என்று கத்திவிட்டேன். நர்ஸ் பதறிப்போய், "யாரும்மா மீனாட்சி, வெளிய நிக்கிறாங்களா, கூப்பிடவா?" என்று கேட்டாள். கேரளத்துப் பிள்ளை, மதுரைக்குப் புதுசு.

அன்று வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், முளைப்பாரி வீட்டு விஷயம் தவிர. "அப்ப முட்டி நல்லாத்தான் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

ஆறாம் நாள் ரிசல்ட் வந்தது. டாக்டர் சுற்றிவளைக்கவில்லை. கர்ப்பப்பைப் புற்றுநோய், மெதுவாக வளரும் வகை, சீக்கிரமே வந்துவிட்டீர்கள் என்றார். ஐந்து மாதம் ஒளித்து வைத்தவளைப் பார்த்துச் சீக்கிரம் என்கிறாரே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே எம்ஆர்ஐ எடுத்தார்கள். குழாய்க்குள் படுக்கவைத்து, தகரக் கொட்டகையில் கல்மழை பெய்வது போன்ற சத்தத்தில் அரை மணி நேரம். நோய் கர்ப்பப்பையைத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. தாண்டினது போலத் தெரியவில்லை, ஆனால் வெளியே எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார் ஆபரேஷன் டாக்டர். அதிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். தாண்டியதா, தாண்டவில்லையா? சோறு பிசையும்போதும் அதே கேள்வி.

சர்க்கரை கூடுதலாக இருந்ததால் ஆபரேஷனை இரண்டு வாரம் தள்ளி வைத்தார்கள். அந்த நாட்களில் வீட்டுக்காரர் வேண்டுதலுக்கு வெள்ளி உரு வாங்கக் கோவில் வாசல் கடைக்குப் போனார். கண் வலிக்குக் கண், கால் வலிக்குக் கால் என்று தகட்டில் அடித்து விற்பார்களே, அது. போனவர் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வந்தார்.

"கர்ப்பப்பை வேணும்னேன். கடைக்காரன் முழிக்கிறான். 'கை இருக்கு, கால் இருக்கு, பல்லு இருக்கு, தொட்டிலு இருக்கு. அது இல்ல அண்ணே'ன்னான். வயிறு இருக்கான்னு கேட்டேன். எடுத்துக் குடுத்தான். பாத்தா ஆம்பள வயிறு மாதிரி இருக்கு."

"அப்புறம்?"

"கடைசியில முழு ஆளாவே வாங்கிட்டேன்." பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். சேலை கட்டிய, இரண்டு விரல் உயரப் பெண். "எந்த எடத்துலன்னு ஆத்தாளுக்குத் தெரியும். மொத்தமா ஒப்படைச்சிருவோம்."

எனக்குத் தைரியம் வந்தது அன்றைக்குத்தான்.

மாசி மாதம் ஆபரேஷன். உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று தாலியைக் கழற்றச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் வேறு எதற்கும் அழாதவள் அதற்கு அழுதேன். வீட்டுக்காரர் அதை வாங்கி, வைக்க இடம் தெரியாமல், தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார்.

"மாமா, சட்டைக்கு உள்ள விடுங்க. எல்லாரும் பாக்குறாக" என்றாள் சத்யா.

"பாக்கட்டும். யார் எனக்குக் கட்டுனதுன்னு கேட்டா உங்க அத்தையக் கை காட்டுறேன்."

சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனேன்.

வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, கேமரா விட்டுச் செய்தார்கள். கர்ப்பப்பை, குழாய்கள், சினைப்பை இரண்டையும் எடுத்தார்கள். நோய் பரவினால் முதலில் போய்ச் சேரும் இடம் என்று பக்கத்திலிருந்த நெறிகள் என்கிற நிணநீர்க் கணுக்களிலும் சிலவற்றைச் சோதனைக்கு எடுத்தார்கள். கண் விழித்தபோது வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்தது. வயிற்றைக் கிழிக்காமல் தோளையா கிழித்தார்கள் என்று பயந்துவிட்டேன். ஆபரேஷனுக்காக வயிற்றை உப்பவைத்த வாயு மேலே ஏறித் தோளில் வலிக்குமாம், இரண்டு நாளில் போய்விடும் என்றார்கள். போய்விட்டது. இதை முன்பே தெரிந்துகொண்டால் நீங்கள் பயப்பட மாட்டீர்கள்.

மறுநாளே நடக்கவைத்தார்கள். மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து மூச்சை இழுக்கச் சொன்னார்கள். நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க அது. மூன்றாவது பந்து எனக்கு ஏறவே இல்லை. வீட்டுக்காரர் வாங்கி ஒரே இழுப்பில் மூன்றையும் ஏற்றிவிட்டு, பரிசு வாங்கினவர் மாதிரி வார்டைச் சுற்றிப் பார்த்தார். "ஐயா, ஆபரேஷன் பண்ணது அவங்களுக்கு" என்றாள் நர்ஸ்.

எனக்குக் கையைத் தூக்க முடியவில்லை. தலை சிக்காகிக் கிடந்தது. சத்யா வேலைக்குப் போன நேரத்தில் அவரே சீப்பை எடுத்துச் சடை போட்டார். முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. அதே நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "என்ன ஐயா, சடையா போடுறீங்க, கயிறு திரிக்கிறீங்களா?" என்றாள்.

"டிப்போவுல வயரு சுத்துன கை. அவுந்து வராதுல்ல?" என்றார். உண்மைதான். வீட்டுக்கு வந்து அதை அவிழ்க்க அரை மணி ஆனது.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. அரசுக் காப்பீட்டு அட்டை இருந்ததால் பெரிய பங்கு அதில் போனது. எங்கள் அட்டையில் என் பெயர் தப்பாக இருந்தது. அதைத் திருத்தச் சத்யா இரண்டு நாள் அலைந்தாள். உங்கள் அட்டையை உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்துப் பார்த்து வையுங்கள்.

வெளியே எடுத்ததைச் சோதித்த ரிசல்ட் வரப் பன்னிரண்டு நாள் ஆனது. அந்தப் பன்னிரண்டு நாள் வலியைவிடக் கொடுமை. கடைசி நாள் டாக்டர் எதிரில் உட்கார்ந்தபோது வீட்டுக்காரர் என் கையைப் பிடித்திருந்தார். டாக்டர் தாளைப் படித்துவிட்டுச் சொன்னார்: "தாண்டல. சுவத்துல கொஞ்சம்தான் இறங்கியிருக்கு. நெறியில எங்கயும் இல்ல. முதல் கட்டம். கரண்டு வைக்கிற கதிர்வீச்சு, கீமோ ஊசி மருந்து எதுவும் வேண்டியதில்ல. மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டுங்க, போதும்."

வீட்டுக்காரர் மேசையைத் தொட்டுக் கும்பிட்டார். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "இது சாமி குத்தமா வந்திருக்குமா டாக்டர்?"

"உடம்பு கனமா இருந்தா, அந்தக் கொழுப்புல ஒரு ஹார்மோன் ஊறிக்கிட்டே இருக்கும். அது உள்பூச்சை வளத்துக்கிட்டே இருக்கும். சர்க்கரையும் சேந்தா இன்னும் அதிகம். இதுல சாமி எங்கம்மா வந்தாங்க?" என்றார். பிறகு, "கோவிலுக்கு நடந்தே போங்க. ரெண்டுக்கும் ஆகும்" என்றார்.

ஆறு வாரம் கனம் தூக்கவில்லை. எண்ணெய், இனிப்பைக் குறைத்தேன். நடந்தேன். ஆடியில் வெள்ளி உருவை உண்டியலில் போட்டோம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மட்டும் அந்த அறைக்குள் மறைத்தது நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

புரட்டாசி வந்தது. பாண்டியம்மா அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். "எந்திரிடி, ஆஸ்பத்திரிக்காரி. பயறு ஊறப் போடணும்."

"நான் வரக் கூடாதுக்கா" என்று சொல்லி, போன வருடம் மூன்றாம் நாள் நடந்ததைச் சொன்னேன். வைவார், எழுந்து போய்விடுவார் என்று காத்திருந்தேன். அவர் வையவில்லை.

"எம்புட்டு பட்டுச்சு?" என்றார்.

"ஒரு ரூபா அளவுக்கு."

"செவப்பாவா, கருப்பாவா?"

"முதல்ல செவப்பு. பெறகு பழுப்பா."

"வலி?"

"இல்லக்கா."

"வலி இல்லாமயே அதுவா இருக்குமா?" அவர் இன்னும் கிட்டே வந்து உட்கார்ந்தார். "விட்டு விட்டு வந்தாலுமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு விவரம் யாரும் அடுத்தவளுக்காகக் கேட்க மாட்டார்கள். அவர் கையைப் பிடித்தேன். "எம்புட்டு நாளாக்கா?"

"ரெண்டு வருசமா" என்றார். "நான் உள்ள போகலன்னா வேற யாருடி போவா? யாருகிட்டச் சொல்லுவேன்?"

போன வருடம் அதே அறையில், அதே இருட்டில், நாங்கள் இரண்டு பேருமே ஒருவருக்கொருவர் பயந்து மறைத்திருக்கிறோம்.

அன்று பயறு ஊறப்போடும் வேலையை வேறு இருவரிடம் விட்டுவிட்டு அக்காவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவருக்கும் அதே நோய். ஆனால் என்னைப் போல முதல் கட்டத்தில் நிற்கவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு ஐந்து வாரம் கரண்டு வைத்தார்கள். மெலிந்துபோனார், தேறினார். இன்றைக்கும் கோவில் வாசலில் பூக்கட்டுகிறார். ஆனால் இதை வெளியே சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

இந்த வருடம் காப்புக் கட்டுவதற்கு முன், உள்ளே போகும் பெண்கள் எல்லோரையும் உட்காரவைத்து அவரே பேசினார். "நின்னதுக்குப் பெறகு யாருக்காச்சும் பட்டா, அது தீட்டு இல்ல. வியாதி. எங்கிட்டச் சொல்லு, டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போறேன். மறைச்சு உள்ள வராத. நான் ரெண்டு வருசம் மறைச்சேன். அதனாலதான் கரண்டு வச்சாக." பிறகு ஒருத்தி மெதுவாகக் கையைத் தூக்கினாள். அவளுக்குச் சாதாரணச் சதை வளர்ச்சிதான், எடுத்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும் அக்கா என்னிடம், "எழுதணும் எழுதணும்னியே, எழுது. என் பேரையும் போடு" என்றார். போட்டுவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். முன்பு வில்லாபுரத்துச் சொந்தக்காரப் பையன் ஒருவனிடம் இதை வாயால் சொல்லியிருந்தேன். அவன் எழுதி அனுப்பி, அது பல கை மாறிச் சத்யாவின் போனுக்கே வந்தது. அதில் இரத்தம் 'உடல்நலக்குறைவு' ஆகியிருந்தது. ஆபரேஷன் காணாமல்போய், நான் குடிக்காத ஒரு கஷாயம் என்னைக் குணப்படுத்தியிருந்தது. முளைப்பாரி வீடு இல்லவே இல்லை. நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் அதைப் படித்து எந்தப் பெண்ணும் டாக்டரிடம் போயிருக்க மாட்டாள்.

ஆகையால் இதை யாருக்காவது கொடுத்தால் இப்படியே கொடுங்கள். நான் செய்த தப்பை நல்லதாக்க வேண்டாம். அம்மனுக்காக என்று ஒரு வரியைக்கூட எடுக்க வேண்டாம், அவளுக்கு எல்லாம் தெரியும். இரத்தம் என்று எழுதிய இடத்தில் இரத்தம் என்றே இருக்கட்டும். எங்கோ ஒருத்தி அந்தச் சொல்லுக்குப் பயந்துதான், இப்போது ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் நின்றுகொண்டிருப்பாள்.